அகிஹபாராவில் பேரம் கிடையாது
வாசகர் கேள்வி – பதில்

ஜப்பானிய அனிமே (அசைவூட்டுப் படம்) பொருட்களை வாங்குவது, வைத்துக் காப்பது பற்றிக் கடலோர வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

அண்ணன் யோகோஹாமாவில் கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறார். அவரிடம் போய் ஒரு வாரம் தங்கப் போகிறேன். அனிமே கடைகளை ஒரே நாளில் சுற்றிவிட முடியுமா?
– கல்லூரி மாணவர், பாம்பன்

முடியாது தம்பி. ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்த பொருள், மின்னணுச் சாமான், பழைய வீடியோ கேம் எல்லாம் டோக்கியோவின் அகிஹபாரா பகுதியில். யோகோஹாமாவில் கெய்ஹின்–தோஹோகு ரயில் ஏறினால் மாறாமல் அங்கேயே இறங்கலாம். முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஞாயிறு மதியம் 1 மணிக்கு மேல் அங்குள்ள பெரிய சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு மக்களை நடக்க விடுவார்கள். பார்க்க அழகுதான், ஆனால் கடைக்குள் கூட்டம் நெரியும். வாங்குவதற்கென்றே போனால் வார நாளில் போங்கள்.

பழைய பொருள் தேடுபவருக்கு நகானோ பிராட்வே. ஷின்ஜுகுவிலிருந்து சுவோ லைன் விரைவு ரயிலில் 5 நிமிடம். 1966-ல் கட்டிய அடுக்குக் கட்டடம், மாடிகளில் பெட்டிக்கடை அளவில் வரிசையாகக் கடைகள். 1980-ல் தொடங்கிய மந்தராகே என்ற பழைய மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) கடை இன்று அந்தக் கட்டடத்துக்குள்ளேயே பல கடைகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒன்று பொம்மைக்கு, ஒன்று புத்தகத்துக்கு, ஒன்று படம் வரைந்த செல்லுலாய்டு தாளுக்கு. இங்கே பல கடைகள் நண்பகலில்தான் திறக்கும், புதன்கிழமை சில திறப்பதே இல்லை. காலை 9 மணிக்குப் போய் நின்றால் அடைத்த ஷட்டர்களைத்தான் பார்க்கலாம். இரவு 8 மணிக்கு எல்லாம் முடிந்துவிடும்.

தங்கை கூட வருவதாக இருந்தால் இகெபுகுரோ பகுதியை விட்டுவிடாதீர்கள். அனிமேட் கடையின் தலைமைக் கடை அங்கேதான். பெண் ரசிகர்களை நினைத்தே வைத்த கடைகள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அதிகம்.

விலையைக் குறைத்துக் கேட்கலாமா? கடையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
– மண்டபம் வாசகி

நம் கரையில் இறால் கூடைக்கு முன் நின்று குறைத்துக் கேட்பது வியாபாரத்தில் பாதி. அங்கே ஒட்டியிருக்கும் விலைதான் விலை. கேட்டால் கோபப்பட மாட்டார்கள், குனிந்து மன்னிப்புக் கேட்பார்கள். கல்லாவில் நிற்பவருக்குக் குறைக்கும் அதிகாரமே இல்லாததால் அவருக்குச் சங்கடம்தான் மிச்சம்.

விலைச்சீட்டில் இரண்டு தொகை இருந்தால் பெரியதுதான் கட்ட வேண்டியது, 10 சதவீத வரி சேர்ந்தது. பணத்தைக் கையில் நீட்டாதீர்கள். கல்லா மேல் சிறு தட்டு இருக்கும், அதில் வையுங்கள். மீதியும் அதிலேயே வரும். 2020 ஜூலையிலிருந்து பிளாஸ்டிக் பைக்குக் காசு, ஆகவே துணிப்பை கொண்டுபோங்கள். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்வது முக்கியம். நடைபாதை ஒரு ஆள் அகலம்தான், திரும்பும்போது பை இடித்துக் கண்ணாடி அலமாரி ஆடினால் யாருக்கும் நல்லதல்ல. கடைக்குள் படம் எடுப்பதைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. கேமரா மேல் சிவப்புக் கோடு போட்ட அட்டையைக் கவனியுங்கள். 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான தளங்களின் வாசலில் 18 என்ற எண் எழுதியிருக்கும், திரை தொங்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் மாடிப்படியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பயணிக்கு வரிச்சலுகை உண்டு. ஒரே கடையில் ஒரே நாளில் வரி சேர்க்காமல் 5,000 யென்னுக்கு வாங்க வேண்டும், பாஸ்போர்ட் அசல் வேண்டும், நகல் செல்லாது. 2026 அக்டோபர் 31 வரை கடையிலேயே வரியைக் கழித்துவிடுவார்கள். நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது: முழு விலையும் கட்டிவிட்டு, வாங்கிய 90 நாளுக்குள் நாட்டை விட்டுக் கிளம்பும்போது விமான நிலையச் சுங்கத்தில் சரிபார்த்த பிறகுதான் வரி திரும்பக் கிடைக்கும். அதனால் கையில் யென்னைச் சரியாக எண்ணி வைத்துக்கொண்டு போகாதீர்கள், அந்தப் பத்து சதவீதத்துக்கும் இடம் விடுங்கள்.

பழைய பொருள் கடையில் வாங்கப் பயமாக இருக்கிறது. உடைந்ததைத் தலையில் கட்டிவிட மாட்டார்களா?
– தங்கச்சிமடம் வாசகர்

எங்கள் எண்ணத்தில், ஜப்பானில் புதுப்பொருளைவிடப் பழையதுதான் லாபம். குறை எதுவோ அதைச் சீட்டில் எழுதியே ஒட்டுவார்கள். எழுதியதைப் படிக்கத் தெரியாமல் வாங்குவதுதான் நம் ஆட்கள் ஏமாறும் இடம்.

தெரிய வேண்டிய சொற்கள் ஆறுதான். ‘ஷின்பின்’ என்றால் புதியது. ‘மிகாய்ஃபூ’ என்றால் பெட்டியை யாரும் பிரிக்கவில்லை. ‘சூகோ’ பழையது. ‘ஹகோ இதாமி’ என்றால் பெட்டி மட்டும் நசுங்கியது. ‘கெப்பின்’ என்றால் உள்ளே ஏதோ ஒரு பாகம் இல்லை. ‘ஜங்க்கு’ என்றால் வேலை செய்யும் என்று கடை எந்த உறுதியும் தரவில்லை, திருப்பியும் தர முடியாது. இந்த ஆறையும் ஜப்பானிய எழுத்தில் கைப்பேசியில் சேமித்துக்கொண்டு சீட்டோடு ஒப்பிடுங்கள். கேமராவில் மொழிபெயர்க்கும் செயலி இருக்கிறதே என்பீர்கள். படம் எடுக்கக் கூடாத கடையில் கைப்பேசியை அலமாரிக்கு நேராக நீட்டினால் படம் எடுப்பதாகவே நினைப்பார்கள். வேண்டுமானால் ‘சுமிமாசென்’ என்று ஊழியரை அழைத்து, சீட்டைக் காட்டிக் கேட்டுவிட்டு நீட்டுங்கள்.

பெட்டி நசுங்கி, பொம்மை பிரிக்காமல் இருப்பதுதான் எங்கள் முதல் தேர்வு. விலை நன்றாக இறங்கியிருக்கும், உள்ளே பொருள் புதிது. அதே நேரம், பத்து வருடம் பிரிக்காமலே கிடந்த பொம்மை என்றால் யோசியுங்கள். காற்றுப்படாத பெட்டிக்குள் பொம்மையின் பி.வி.சி. பிளாஸ்டிக் பிசுபிசுத்துப் போயிருக்கலாம், பிரிக்காததால் கடைக்காரருக்கும் அது தெரியாது. அவ்வளவு பழையதென்றால் பிரித்துச் சரிபார்த்த ‘சூகோ’வே மேல்.

முகம் மாற்றுகிற, கை மாற்றுகிற வகை என்றால், தயாரிப்பாளரின் பக்கத்தில் உள்ள படத்தோடு பாகங்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். பலர் கையையும் முகத்தையும் எண்ணிவிட்டு அடித்தட்டையும் அதன் குச்சியையும் மறந்துவிடுகிறார்கள். அது இல்லாமல் அந்தப் பொம்மை நிற்காது.

கச்சாபோன், குலுக்கல் சீட்டு, கிரேன் இயந்திரம்: இவற்றில் காசு போடலாமா?
– பள்ளி மாணவன், தேவிபட்டினம்

கச்சாபோனில், அதாவது நாணயம் போட்டுத் திருகினால் கூட்டுக்குள் சிறு பொம்மை விழும் இயந்திரத்தில், போடலாம். ஒரு திருகலுக்குப் பெரும்பாலும் 200 முதல் 500 யென். 100 யென் நாணயம் வேண்டும், சில்லறை மாற்றும் இயந்திரம் பக்கத்திலேயே இருக்கும். எது வரும் என்று தெரியாது, வந்ததே திரும்பவும் வரலாம். மூன்று தடவையோடு நிறுத்திக்கொள். பொம்மை வந்த காலிக் கூட்டைப் போட அங்கேயே தொட்டி வைத்திருப்பார்கள்.

‘இச்சிபான் குஜி’ என்பது 24 மணி நேரக் கடைகளிலும் கிடைக்கும் குலுக்கல். வெறுங்கையோடு யாரையும் அனுப்பாது, கடைசிப் பரிசு கைத்துண்டோ சாவிக்கொத்தோ என்றாலும் ஏதாவது ஒன்று உண்டு. சீட்டு எடுக்குமுன் எந்தெந்தப் பரிசு மிச்சம் என்று எழுதியிருக்கும் பலகையைப் பார். பெரிய பொம்மைகள் போயிருந்தால் அந்தக் கடையில் எடுக்காதே. கடைசிச் சீட்டு எடுப்பவருக்குத் தனிப் பரிசு என்பதால், சீட்டு குறைவாக மிச்சமிருந்தால் மொத்தமாக வாங்கிப் போகிறவர்களும் உண்டு.

கொக்கியால் பரிசைத் தூக்கும் கிரேனில் ஆசைக்கு ஐந்து தடவை. பெட்டி மூலையில் மாட்டிக்கொண்டால் ஊழியரைக் கூப்பிடு, எடுக்கத் தோதாக நகர்த்தி வைப்பார், அது அங்கே வழக்கம். ஆனால் அதே பொம்மை பழைய பொருள் கடையில் பெரும்பாலும் 1,000 முதல் 2,500 யென்னுக்குக் கிடைத்துவிடும். இயந்திரத்தில் அதைவிட அதிகம் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் நிறைய.

ராமேஸ்வரத்தில் கடல் பார்த்த வீடு. இரண்டு வருடத்தில் ஃபிகர் பொம்மைகள் பிசுபிசுக்கின்றன, ஒன்று முன்னால் சாய்ந்துவிட்டது. போலியா?
– ராமேஸ்வரம் வாசகர்

போலி என்று முடிவு கட்ட வேண்டாம், அசலுக்கும் இது வரும். பி.வி.சி. வளைந்து கொடுப்பதற்காக அதில் எண்ணெய் போன்ற மென்மையூட்டியைக் கலக்கிறார்கள். வெப்பத்தில் அது மெல்ல மேற்பரப்புக்கு வரும். தகரக் கூரைக்குக் கீழே, பரண் மேல், பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தால் போக வழியில்லாமல் மேலேயே படிந்து ஒட்டும். அதோடு நம் ஊர்க் காற்றில் வரும் உப்புத்தூளும் சேர்ந்துகொள்கிறது.

கழுவும் முறை: முதலில் மென்மையான ஓவியத் தூரிகையால் உப்பைத் தட்டிவிடுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் பரல் கீறிவிடும். பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு விட்டு, மென்மையான பிரஷால் கழுவி, நல்ல தண்ணீரில் அலசுங்கள். உவர்ப்புக் கிணற்று நீர் வேண்டாம், காய்ந்ததும் வெள்ளைத் திட்டு விழும். குடிநீர்க் கேனில் இருந்து எடுங்கள். நிழலில், மின்விசிறிக்கு அடியில் உலர்த்துங்கள். தின்னர், நகப்பூச்சு நீக்கி, ஸ்பிரிட் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. பிசுக்கோடு பெயின்ட்டும் போய்விடும்.

சாய்ந்ததை நிமிர்த்த, வளைந்த கால் பகுதியை மட்டும் கை பொறுக்காத சூட்டு நீரில் ஒன்றிரண்டு நிமிடம் வையுங்கள். கொதிக்கிற நீர் கூடாது. இளகியதும் துணி சுற்றிய கையால் நிமிர்த்தி, அதே நிலையில் பிடித்தபடி குளிர்ந்த நீரில் ஒரு நிமிடம் முக்குங்கள். அந்தக் குளிர்ச்சியில்தான் வடிவம் நிற்கும். அவசரத்தில் அதை விட்டுவிட்டால் மறுநாளே பழையபடி சாயும்.

இனி வைக்கும் இடம்: கடல் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில், வெயில் படாத கண்ணாடி அலமாரி. கதவு மூடியிருக்கட்டும், ஆனால் வாரம் ஒரு முறை சிறிது நேரம் திறந்து வையுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மூலைக்கு ஒன்று போடுங்கள், நிறம் மாறுகிற வகையாக இருந்தால் எப்போது மாற்றுவது என்று தெரியும். உள்ளே இரும்புத் திருகும் காந்தமும் உள்ள பொம்மைகள் முதலில் துருப்பிடிக்கும், அவற்றை மேல் தட்டில் கண்ணில் படும்படி வையுங்கள்.

ஃபிகர் பொம்மைகள் இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கின்றனவே, வாங்கலாமா?
– தொண்டி வாசகர்

வேண்டாம். புதுப்பொருள் பாதி விலை என்றால் அது பெரும்பாலும் நகல். முகத்தில் கண் வரைந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், நகலில் விளிம்பு கலங்கியிருக்கும். பெட்டியின் அடியில் பதிப்புரிமைக் குறிப்பு இருக்காது, தயாரிப்பாளர் முத்திரை தப்பாக இருக்கும், திறந்தால் பெயின்ட் நாற்றம் அடிக்கும்.

உச்சிப்புளியில் இருந்து கேட்கிறேன். குண்டம் (அனிமே ரோபோ) பிளாஸ்டிக் மாடல் செய்து மேலே வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது.

காற்றின் ஈரம்தான் காரணம். ஸ்ப்ரேயில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள நீர் அதன்மேல் படிந்துவிடுகிறது. அதிகாலையிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அடிக்காதீர்கள். வெயில் ஏறிய நாளில் 11 மணிக்கு மேல், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஈரம் தெரியாத அளவுக்கு மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை. பூத்துவிட்டதையும் நல்ல உலர்ந்த வேளையில் மெல்லியதாக இன்னொரு பூச்சு அடித்தால் பெரும்பாலும் தெளியும். ஜப்பானிலிருந்து ஸ்ப்ரே டப்பா வாங்கி வர எண்ணாதீர்கள், எரியக்கூடியது என்று விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

அனிமே படம் போட்ட மிட்டாய், ‘கம்மி’ எனும் மெல்லும் ஜெல்லி வாங்கினால் ஹலாலா என்று எப்படிப் பார்ப்பது?
– மாணவி, கீழக்கரை

கம்மியிலும் மார்ஷ்மெல்லோவிலும் ‘ஜெராச்சின்’ என்ற ஜெலட்டின் இருக்கும், அது பன்றியிலிருந்தும் எடுத்ததாக இருக்கலாம். உறையின் பின்புறம் சேர்பொருள் பட்டியலில் அந்தச் சொல்லையும், பன்றியைக் குறிக்கும் ‘புதா’ என்ற எழுத்தையும் தேடுங்கள். சாக்லேட்டில் மதுவும் சேர்ப்பதுண்டு, அது ‘யோஷு’. ஹலால் முத்திரை இல்லாததை விட்டுவிட்டு, அதே படம் போட்ட தகரப் பெட்டியையோ சாவிக்கொத்தையோ வாங்கி வருவது நிம்மதி.

அங்கே ப்ளூ-ரே வட்டு வாங்கலாமா?
– சாயல்குடி வாசகர்

எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று வட்டுகளை மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள்: ஜப்பான் ப்ளூ-ரேயில் மண்டலம் ஏ, இந்தியா மண்டலம் சி. இங்கு வாங்கிய பிளேயரில் ஓடாமல் போகலாம். டி.வி.டி.யில் அது மண்டலம் 2, நாம் 5. பெரும்பாலான வட்டுகளில் ஆங்கில வசனவரியும் இல்லை. மின்சாதனமும் அப்படித்தான்: அங்கே 100 வோல்ட். அடாப்டரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் எடுங்கள். வெறும் 100 என்று போட்டிருக்கும் பழைய கேம் பெட்டியின் அடாப்டரை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைதான்.

தபாலில் வரவழைத்தால் சுங்கவரி உண்டா? ‘பரிசு’ என்று எழுதச் சொல்லலாமா?
– ஏர்வாடி வாசகர்

எழுதச் சொல்லாதீர்கள். 2019 டிசம்பருக்குப் பிறகு பரிசு என்ற பெயரில் வரியில்லாமல் வர வழியில்லை. பொருளின் விலையோடு அனுப்பும் கூலியையும் சேர்த்தே வரி போடுவார்கள், அதனால் நாலு பொருளை ஒரே பெட்டியில் கட்டச் சொல்வது மிச்சம். 2021 ஜனவரி முதல் 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பொம்மைக்கு இங்கே பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) சான்று கட்டாயம். சேகரிப்புப் பொம்மைகள் பலவற்றின் பெட்டியில் 15 வயதுக்கு மேல் என்று அச்சிட்டிருக்கும். அந்தப் பக்கத்தின் படத்தையும் பணம் கட்டிய ரசீதையும் எடுத்து வையுங்கள், தபால் அலுவலகத்தில் கேட்டால் காட்டலாம்.

அனிமே பட நிறுவனமான கிப்லியின் அருங்காட்சியகத்துக்கு அங்கே போய் டிக்கெட் வாங்கலாமா?
– பெரியபட்டினம் வாசகி

வாசலில் விற்பதில்லை. அடுத்த மாதத்துக்கான டிக்கெட் ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு இணையத்தில் திறக்கும். நமக்கு அது காலை 6.30. பெரியவருக்கு 1,000 யென். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் கொடுங்கள், நுழையும்போது சரிபார்ப்பார்கள். விடுமுறை நாள் டிக்கெட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். 6.20-க்கே பக்கத்தைத் திறந்து, வங்கி அட்டை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.