48 வோல்ட் வண்டிக்கு 60 வோல்ட் பேட்டரி: அப்படியே மாட்டலாமா?

வாசகர் கேள்வி: பதிவு எண் தேவைப்படாத, 48 வோல்ட்டில் ஓடும் சிறிய மின்ஸ்கூட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். அதன் நான்கு லெட் ஆசிட் பேட்டரிகளும் தேய்ந்துவிட்டன. அண்ணனின் பழைய வண்டியிலிருந்து கழற்றிய 60 வோல்ட், 30 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி எட்டு மாதமாக வீட்டில் சும்மா கிடக்கிறது. ‘அதையே மாட்டுங்கள், வேகம்தான் கூடும், வேறொன்றும் ஆகாது’ என்கிறார் மெக்கானிக். மாட்டலாமா?

பதில்: அப்படியே மாட்டக் கூடாது. வண்டியின் கன்ட்ரோலரை, அதாவது பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியை, மாற்றிவிட்டு மாட்டலாம், ஆனால் அந்தப் பேட்டரி இன்னும் நல்ல நிலையில் இருந்தால் மட்டுமே. மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை. மோட்டாருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில், பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் ‘60 வோல்ட்’ என்ற எண்ணை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது வகைப்பெயர்தான், முழு சார்ஜில் அதன் மின்னழுத்தம் எவ்வளவு என்பதுதான் வண்டிக்கு முக்கியம். அதை அறிய எளிய வழி, அந்தப் பேட்டரியுடன் வந்த சார்ஜரைப் புரட்டி ‘அவுட்புட்’ என்ற வரியைப் படிப்பது. 67.2 வோல்ட் என்றிருந்தால் உள்ளே 16 செல் தொகுதிகள் வரிசையாக இணைக்கப்பட்டுள்ளன, ஒவ்வொன்றும் 4.2 வோல்ட் வரை ஏறும். 71.4 என்றால் 17 தொகுதிகள். 73 என்றால் அது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. 20 தொகுதிகள், ஒவ்வொன்றும் 3.65 வோல்ட். உங்களுடையது 67.2 என்றே வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

இருக்கைக்கு அடியிலோ கால் வைக்கும் பலகைக்கு அடியிலோ, குளிர்விக்கும் வரிகள் கொண்ட அலுமினியப் பெட்டி ஒன்று இருக்கும். அதுதான் கன்ட்ரோலர். பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் பொறுத்து, பக்கவாட்டுத் திருகுகளை நீக்கி உட்பலகையை இழுத்தால், மின்சாரத்தைத் தற்காலிகமாகத் தேக்கும், விரல் பருமனில் உருளை வடிவக் கெப்பாசிட்டர்கள் தெரியும். அவற்றின் உடலிலேயே தாங்கும் அழுத்தம் அச்சிடப்பட்டிருக்கும். 48 வோல்ட் கன்ட்ரோலர்களில் பெரும்பாலும் 63 வோல்ட் என்றுதான் இருக்கும். வண்டிக்கு உரிய பேட்டரி ஏறக்குறைய 59 வோல்ட்டைத் தாண்டாது என்பதால் அதற்கு இது போதும். 67.2 வோல்ட் பேட்டரியை இணைத்தால், இணைத்த கணமே கெப்பாசிட்டர் தன் எல்லைக்கு 4 வோல்ட் மேலே நிற்கிறது. மோட்டார் ஓடும்போது எழும் அழுத்தத் துடிப்புகள் அதற்கும் மேல். அருகில் அலுமினியப் பட்டையோடு திருகப்பட்டிருக்கும் மாஸ்ஃபெட்களில் (மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் மின்னணு சுவிட்சுகள்) ‘75என்எஃப்75’ என்று இருந்தால் அவற்றின் எல்லை 75 வோல்ட். அங்கேயும் இடைவெளி மிகக் குறைவு.

இதில் ஏமாற்றும் விஷயம் என்னவென்றால், மாட்டிய அன்றே எதுவும் வெடிக்காது. வண்டி ஓடும், முன்பைவிடத் துள்ளலாகவே ஓடும். மெக்கானிக்குகள் துணிவது இதனால்தான். சில வாரங்களில் கெப்பாசிட்டரின் தலை உப்பும். மாஸ்ஃபெட் ஒன்று ஷார்ட் ஆனால், பின்சக்கரம் யாரோ பிடித்து இழுப்பதுபோல் இறுகும். போக்குவரத்தின் நடுவே அது நேர்வதை நினைத்துப் பாருங்கள்.

‘சார்ஜை 58 வோல்ட்டோடு நிறுத்திவிட்டு ஓட்டினால் என்ன?’ என்றும் சிலர் கேட்பதுண்டு. 58-ஐ 16-ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்கு 3.6 வோல்ட்டுக்குச் சற்று மேல். அதாவது பேட்டரியின் கொள்ளளவில் பாதிகூட நிரம்பவில்லை. தொகுதிகளைச் சமப்படுத்தும் வேலையைப் பெரும்பாலான பி.எம்.எஸ். பலகைகள் (பேட்டரிக்குள் இருந்து செல்களைக் காக்கும் மின்னணுப் பலகைகள்) முழு சார்ஜை நெருங்கும்போதுதான் செய்யும் என்பதால், இப்படியே பழக்கினால் தொகுதிகளுக்குள் ஏற்றத்தாழ்வும் வளரும்.

மேல் எல்லையை மட்டும் பார்ப்பவர்கள் கீழ் எல்லையை மறந்துவிடுகிறார்கள். 48 வோல்ட் கன்ட்ரோலர் ஏறக்குறைய 42 வோல்ட்டில்தான் ‘பேட்டரி தீர்ந்தது’ என்று மோட்டாரை நிறுத்தும். 16 தொகுதி பேட்டரியோ 48 வோல்ட்டிலேயே, தொகுதிக்கு 3 வோல்ட் என்ற அளவில், காலியாகிவிடுகிறது. எனவே கன்ட்ரோலர் தடுக்காது, மீட்டரும் எச்சரிக்காது. கடைசியில் பி.எம்.எஸ். ஒரேயடியாக இணைப்பைத் துண்டிக்கும்போது, மோட்டாரோடு முன்விளக்கும் ஹாரனும் சேர்ந்தே அணைந்துவிடும்.

ஆகவே சரியான வழி, 60 வோல்ட்டுக்கான கன்ட்ரோலரை வாங்குவது. அதன் கெப்பாசிட்டர்களில் 80 அல்லது 100 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். ஆம்பியர் அளவு பழைய கன்ட்ரோலரைவிடக் கூடுதலாக இருக்க வேண்டாம். விளக்குக்கும் ஹாரனுக்கும் 12 வோல்ட் தரும் கன்வெர்ட்டரின் மேல் ‘48–72’ போன்ற வரம்பு எழுதியிருந்தால் அப்படியே விடலாம். 48 மட்டும் என்றால் அதையும் மாற்ற வேண்டும். அழுத்தத்துக்கு ஏற்ப மோட்டாரின் சுழற்சி உயரும் என்பதால், 25 கிலோமீட்டர் வேகம் 31-ஐத் தொடக்கூடும். இதைக் கவனியுங்கள்: உங்கள் வண்டிக்குப் பதிவு தேவையில்லை என்ற சலுகை, மோட்டார் திறன் 250 வாட்டுக்குக் கீழும் வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழும் இருப்பதைப் பொறுத்தது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் வசதியுள்ள கன்ட்ரோலராகக் கேட்டு வாங்கி, அதைப் பழைய அளவிலேயே வையுங்கள். அந்தச் சிறு வண்டியின் பிரேக்கும் அந்த வேகத்துக்கு அமைக்கப்பட்டதுதான்.

இடையில் ஒரு கன்வெர்ட்டர் வைத்து 60-ஐ 48 ஆக இறக்கும் யோசனை மோட்டாருக்குச் சரிப்படாது. மேடு ஏறும்போது 20 ஆம்பியர் கேட்டால் கிட்டத்தட்ட 1,000 வாட்டைத் தாங்கும் கன்வெர்ட்டர் வேண்டும்; அந்த விலைக்குக் கன்ட்ரோலரே வந்துவிடும். 16 தொகுதிகளில் மூன்றை நீக்கி 13 ஆக்கினால் 48 வோல்ட் பேட்டரி கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் பி.எம்.எஸ்., சார்ஜர் இரண்டையும் மாற்ற வேண்டும். ஸ்பாட் வெல்டிங் இயந்திரம் வைத்துப் பேட்டரி கட்டும் கடையில் மட்டுமே அதைச் செய்யலாம், வீட்டில் வேண்டாம்.

சார்ஜர் பற்றி ஓர் எச்சரிக்கை. உங்கள் பழைய லெட் ஆசிட் சார்ஜர் ஏறக்குறைய 59 வோல்ட் தரும். 60 வோல்ட் பேட்டரியில் அதைச் செருகினால் பாதிதான் ஏறும். ஆனால் 13 தொகுதியாக மாற்றிய பேட்டரியில் செருகினால் தொகுதிக்கு 4.5 வோல்ட் வரை தள்ளும், அப்போது தீக்கும் பேட்டரிக்கும் இடையே பி.எம்.எஸ். ஒன்றுதான் நிற்கும். இரண்டு சார்ஜர்களின் முனையும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், பழையதை வீட்டை விட்டே அகற்றிவிடுங்கள்.

கன்ட்ரோலருக்குப் பணம் எடுத்து வைக்கும் முன், எட்டு மாதமாகச் சும்மா கிடந்த அந்தப் பேட்டரியைச் சோதியுங்கள். சார்ஜில் போடாமலேயே முதலில் மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். 48 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நீங்களாகச் சார்ஜ் செய்யாமல் கடைக்குக் கொண்டுபோய், பி.எம்.எஸ். பலகைக்குச் செல்லும் மெல்லிய வயர்களில் ஒவ்வொரு தொகுதியையும் அளக்கச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு தொகுதி 2.5 வோல்ட்டுக்குக் கீழே கிடந்திருந்தால், அதற்கு மீண்டும் உயிரூட்ட முயலக் கூடாது. சார்ஜ் ஏற்றும்போது உள்ளேயே ஷார்ட் ஆகும் வாய்ப்புண்டு. அளவு சரியாக இருந்தால் அதற்குரிய சார்ஜரில் முழுதாக ஏற்றி, ஓர் இரவு விட்டு மறுநாள் பாருங்கள். 66 வோல்ட்டுக்கு மேல் நின்று, தொகுதிகளுக்கு இடையே வேறுபாடு 0.1 வோல்ட்டைத் தாண்டாவிட்டால் கன்ட்ரோலர் வாங்கலாம். தாண்டினால், அல்லது உறை எங்காவது உப்பியிருந்தால், காயலான் கடையில் எடைக்குப் போடாமல், பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் விற்பனையாளரிடம் முனைகளுக்கு டேப் சுற்றிக் கொடுத்துவிடுங்கள்.