தலைமையாசிரியர் ‘சேவைத் தலைவர்’தானா, அதாவது அதிகாரம் செலுத்துவதைவிடத் தன்னோடு வேலை செய்பவர்களுக்கு உதவுவதை முதலில் வைப்பவர்தானா என்று ஆசிரியர்கள் எதை வைத்துச் சொல்வார்கள்?

முதலில் பதிலி வகுப்புப் பதிவேட்டை, அதாவது வராத ஆசிரியரின் வகுப்பை யார் எடுத்தார் என்ற பதிவைப் பாருங்கள். காலையில் வாசலில் நின்று வரவேற்பது, தானே குப்பை பொறுக்குவது எல்லாம் நல்ல குணங்கள்தான். ஆனால் ஆசிரியரின் நேரத்தை அவர் எப்படி நடத்துகிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு மாதப் பதிவேட்டில் யாருக்கு எத்தனை பதிலி வகுப்பு விழுந்தது என்று எண்ணுங்கள். மறுத்துப் பேசத் தெரியாத இரண்டு பேர் தலையிலேயே பாதி விழுந்திருக்கிறதா? தலைமையாசிரியர் பெயர் ஒரு முறையாவது இருக்கிறதா?

கல்வி உரிமைச் சட்டம் 2009 சொல்லும் வாரம் 45 மணி நேரத்தில் பாடத் தயாரிப்பும் அடக்கம். எமிஸ் (கல்வித் துறையின் இணையத் தகவல் தளம்) பதிவு, அவசரப் படிவம் என்று எது வந்தாலும் முதலில் பறிபோவது அந்தத் தயாரிப்பு நேரம்தான். வந்ததை அப்படியே வாட்ஸ்அப் குழுவில் தள்ளிவிடாமல், இன்றே வேண்டியது எது, அலுவலகத்திலேயே முடிக்கக்கூடியது எது என்று பிரித்துத் தருபவரை ஆசிரியர்கள் மறக்க மாட்டார்கள்.

சேவைத் தலைமை என்ற கருத்தை 1970இல் எழுதிய ராபர்ட் கிரீன்லீஃப் வைத்த உரைகல், சேவை பெறுபவர்கள் வளர்கிறார்களா என்பது. எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுச் செய்பவர் இதில் தேற மாட்டார். அவர் விடுப்பு எடுக்கும் நாளில் பள்ளி தடுமாறும், ஏனென்றால் வேறு யாருக்கும் எதுவும் பழக்கப்படவில்லை. தாமதமாக வருபவரைக் கண்டிக்கத் தயங்குவதும் இரக்கமாகாது. அவருடைய முதல் பாடவேளையைச் சுமப்பவர் நேரத்துக்கு வந்தவர்தானே!

கருத்துக்கணிப்பு நடத்துவதானால் 10 வாக்கியங்கள் போதும், 1 முதல் 5 வரை மதிப்பெண். “நான் சொன்ன குறைக்கு ஒரு வாரத்துக்குள் பதில் வந்தது” என்பதுபோல், நடந்ததா இல்லையா என்று தெரியும் வாக்கியங்களாக இருக்கட்டும். சின்னப் பள்ளியில் பாடம், பணிக்காலம் கேட்டால் ஆள் தெரிந்துவிடும். கையெழுத்தும் காட்டிக்கொடுக்கும், ஆகவே டிக் மட்டும் போதும். கூட்டிப் பார்ப்பவர் வெளியாளாக இருப்பது உத்தமம்.

சராசரியை மட்டும் நம்ப வேண்டாம். எட்டுப் பேரில் ஆறு பேர் 5, இரண்டு பேர் 1 போட்டாலும் சராசரி 4. எல்லாரும் 4 போட்டாலும் 4. முன்னதில் இரண்டு பேர் ஒதுக்கப்பட்டுக் கிடக்கிறார்கள். முடிவை ஒரு வாரத்துக்குள் ஆசிரியர் கூட்டத்தில் படித்து, ஒன்றையாவது மாற்றிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை எல்லாரும் 5 போட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விடுவார்கள்.