டியூட்டீரியம் நிறமாலையின் நடுவில் கூர்முனை: தண்ணீரா, லிப்பிடா?

"டிஎம்பிசி சவ்வில் பெப்டைடு சேர்த்து டியூட்டீரியம் என்எம்ஆர் எடுத்தேன், நடுவில் கூர்மையான உச்சம் வருகிறது, சவ்வு உடைந்துவிட்டதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். (டிஎம்பிசி, சவ்வுகளை ஆக்கும் லிப்பிட் என்ற கொழுப்பு மூலக்கூறுகளில் ஒன்று; டியூட்டீரியம், கன ஹைட்ரஜன்; என்எம்ஆர், காந்தப்புலத்தில் அணுக்கரு தரும் சிக்னலை அளக்கும் முறை.) அந்த முடிவுக்கு இப்போதே போகாதீர்கள். கொழுப்பமிலச் சங்கிலியில் டியூட்டீரியம் ஏற்றிய டிஎம்பிசியைச் சாதாரண நீரில் ஊறவைத்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த நீரின் பத்து லட்சம் ஹைட்ரஜனில் ஏறத்தாழ 156 டியூட்டீரியம்தான். லிப்பிடின் சிக்னல் 50 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரவிக் கிடக்க, நீருடையது ஒரே இடத்தில் குவிவதால் எடுப்பாக நிற்கும். டியூட்டீரியம் நீக்கிய நீருக்கு மாறுங்கள்.

அதற்கு முன் அதே குழாயில், புரோட்டான் டீகப்ளிங்குடன் (ஹைட்ரஜனின் குறுக்கீட்டை நீக்கி), பாஸ்பரஸ்-31 என்எம்ஆர் எடுங்கள்; லிப்பிடில் பாஸ்பரஸ் உண்டு, நீரில் இல்லை. இரட்டைப்படலம் குலையாமல் இருந்தால் -15 பிபிஎம் (சிக்னல் விழும் இடத்தின் அளவு) அருகே உச்சமும் +30 பக்கம் தோளும் தெரியும். 0 அருகே ஒன்றுமில்லையா? நடுவில் நிற்பது தண்ணீர். அங்கும் கூர்முனை இருந்தால் லிப்பிடே வேகமாகப் புரள்கிறது: சிறு வெசிக்கிள் (லிப்பிட் குமிழி), மைசெல் (லிப்பிட் திரள் உருண்டை), கனசதுரக் கட்டம் (முப்பரிமாண வலையமைப்பு), இவற்றில் ஒன்று.

மாதிரி தயாரிக்கும்போது சோனிகேட்டர் (மீயொலிக் கலக்கி) போட்டால் சீக்கிரம் கலந்துவிடுமே என்று சிலர் சொல்வார்கள். திரவ என்எம்ஆருக்கு அது சரி. இங்கே அதுவே சிறு வெசிக்கிளை உண்டாக்கிவிடும். குளோரோஃபார்ம்-மெத்தனாலில் லிப்பிட், பெப்டைடு இரண்டையும் கரைத்து, நைட்ரஜன் ஊதி உலர்த்தி, இரவு முழுக்க வெற்றிடத்தில் வையுங்கள். பிறகு 35 டிகிரியில் நீர் சேர்த்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்து உருக்குவதை ஐந்தாறு முறை செய்யுங்கள். டியூட்டீரியம் ஏற்றிய டிஎம்பிசி 20 டிகிரி வாக்கிலேயே உருகும் (இறுகிய ஜெல் கட்டத்திலிருந்து இளகிய கட்டத்துக்கு மாறும்), சாதாரணமானது 24-இல். ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது.

பல்ஸ் வரிசை, 1976-இல் வந்த குவாட்ரூபோல் எக்கோ: 90 டிகிரி ரேடியோ பல்ஸ் இரண்டு, இரண்டாவதின் அலைக்கட்டத்தை 90 டிகிரி மாற்றி, இடைவெளி 30-40 மைக்ரோநொடி. எக்கோவின் (பல்ஸ்களுக்குப் பின் திரும்பி எழும் சிக்னலின்) உச்சிப் புள்ளியிலிருந்தே ஃபூரியர் மாற்றம் செய்யுங்கள். ஒரு புள்ளி தவறினாலும் நிறமாலை சாயும், அடிக்கோடு அலையும். ஜெல் கட்டத்தையும் பார்ப்பதானால் 5 மைக்ரோநொடி பல்ஸ் போதாது, அதைவிடக் குறுகியது வேண்டும். அங்கே அகலம் 120 கிலோஹெர்ட்ஸைத் தாண்டும்.

நீரையே ஆராய வேண்டுமென்றால் சாதாரண டிஎம்பிசியையும் கனநீரையும் வைத்துத் தனி மாதிரி செய்யுங்கள். 50 மில்லிகிராம் லிப்பிடுக்கு 15 மில்லிகிராம் கனநீர் என்பது ஒரு லிப்பிடுக்கு 10 மூலக்கூறு. உலர் லிப்பிட் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், அதனால் வெற்றிடத்திலிருந்து எடுத்ததும் எடைபோடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கட்டுரைக்குக் கட்டுரை "முழுமையாக நீரேற்றப்பட்டது" என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். லிப்பிடுக்கு எத்தனை நீர்? நீர் ஏறினால் கனநீரின் பிளவு (அதன் இரு உச்சங்களின் இடைவெளி) சுருங்கும், சங்கிலியின் ஒழுங்கும் குறையும். அந்த எண்ணைத் தராமல் ஒழுங்களவை (சங்கிலி எவ்வளவு ஒழுங்காக நிற்கிறது என்ற எண்ணை) மூன்று தசமத்துக்குத் தருவதில் என்ன பயன்?

கூர்முனை முதல் நாள் இல்லாமல் ஒரு வாரம் கழித்து முளைத்தால் லைசோலிப்பிடை (ஒரு சங்கிலி அறுந்த லிப்பிடை) சந்தேகியுங்கள். செயற்கைப் பெப்டைடுகளில் மிஞ்சும் டிரைஃபுளோரோஅசிட்டிக் அமிலம் பிஎச்சை இறக்கி லிப்பிடின் சங்கிலியைத் தாங்கும் எஸ்டர் பிணைப்பை அறுக்கும். பஃபரில் பிஎச் 7 அருகே வைத்து, அளவீடு முடிந்ததும் ஒரு துளியை டிஎல்சி (மெல்லடுக்கு நிறப்பகுப்பு) தகட்டில் ஓட்டிப் பாருங்கள்.