ஹில் ஹெலிகாப்டர்ஸின் எச்எக்ஸ்50 சொன்னபடி வருமா?

வரும், ஆனால் சொன்ன தேதியிலும் சொன்ன விலையிலும் வராது என்பது என் கணிப்பு.

இங்கிலாந்தைச் சேர்ந்த இந்த நிறுவனம் 2020-இல் ஐந்து பேர் அமரும் எச்எக்ஸ்50 ஹெலிகாப்டரை அறிவித்தது. கார்பன் இழை உடல், 140 நாட் (மணிக்குச் சுமார் 260 கி.மீ.) வேகம், அப்போது சொன்ன விலை சுமார் ஐந்து லட்சம் பவுண்டு. தனியார் ஹெலிகாப்டர் சந்தையில் பல ஆண்டுகளாகப் பெரிய புதுமை எதுவும் இல்லை. அதனால் ஆர்டர்கள் குவிந்ததில் ஆச்சரியமில்லை. வாங்குபவரே கட்டுமானத்தில் பங்கேற்கும் பிரிவில் விற்பதால், விமானப் போக்குவரத்து அதிகாரிகளின் முழுச் சான்றிதழுக்கு முன்பே ஒப்படைக்க முடியும். கெட்டிக்கார ஏற்பாடுதான்.

எனக்கு உறுத்துவது என்ஜின். ஜிடி50 என்ற 500 குதிரைத்திறன் டர்பைனையும் தாங்களே செய்கிறார்கள். புது உடல், புது ரோட்டர் (மேலே சுழலும் இறக்கை), புது என்ஜின், மூன்றும் ஒரே நேரத்தில்! அமெரிக்காவின் ஃப்ராங்க் ராபின்சன் 1973-இல் ஹெலிகாப்டர் நிறுவனம் தொடங்கியபோது, ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த லைகோமிங் நிறுவன என்ஜினைத்தான் எடுத்துக்கொண்டார். அப்படியும் அவரது முதல் ஹெலிகாப்டரான ஆர்22-க்குச் சான்றிதழ் கிடைக்க 1979 ஆனது. எக்லிப்ஸ் 500 குட்டி ஜெட் புது என்ஜினை நம்பி இறங்கி, அது சரிவராமல் வேறு நிறுவனத்தின் என்ஜினுக்கு மாறியது. 2008-இல் எக்லிப்ஸ் நிறுவனமே திவாலானது. முன்பணம் கட்டியவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

எச்எக்ஸ்50 முதலில் 2022-இல் பறப்பதாக இருந்தது. அந்த ஆண்டு பறக்கவில்லை. முன்பணம் கட்ட நினைத்தால், பளபளக்கும் கேபின் படங்களை விட்டுவிட்டு, என்ஜின் சோதனை மேடையில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேளுங்கள்.