ஓடை மீன் குட்டையில் ஏன் தங்கவில்லை?

கேள்வி: ஏற்காட்டில் நான்கு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. நடுவில் ஓடும் ஓடையில் பிடித்த மீன்களைத் தார்ப்பாய் விரித்த 5 சென்ட் குட்டையில் விட்டேன். கல்லில் ஒட்டும் சின்ன மீன்கள் மூன்றே நாளில் செத்து மிதந்தன. குரவை மட்டும் இருக்கிறது. அதே ஓடைத் தண்ணீரைத்தானே நிரப்பினேன்?

பதில்: தண்ணீர் அதேதான் ஐயா, ஓட்டம் இல்லையே. கல்லில் மோதி நுரைத்து விழும்போதுதான் தண்ணீரில் காற்று நன்றாகக் கலக்கிறது. தேங்கிய குட்டையில் விடியற்காலை நேரத்தில் அது மிகவும் குறைந்துவிடும். குரவை மேலே வந்து வாயால் காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். கல்லொட்டி மீனுக்கு அந்த வித்தை கிடையாது. தட்டையான வயிற்றோடு பாறையைப் பற்றிக்கொண்டு, மேலே படிந்த பாசியைச் சுரண்டித் தின்னப் பிறந்த மீன் அது. தார்ப்பாயில் அதற்கு என்ன கிடைக்கும்?

ஒருநாள் காலை ஓடைக்கரையில் சத்தமில்லாமல் உட்கார்ந்து பாருங்கள். வேகமாக ஓடும் கல்லிடுக்கில் கல்லொட்டி இருக்கும். பத்தடி தள்ளி, ஓட்டம் தணிந்த மணலில் அயிரை புதைந்து கிடக்கும். மடுவில், மரம் கவிந்த நிழலில், மேலிருந்து விழும் பூச்சிக்காகக் கெண்டைக் கூட்டம் காத்திருக்கும். குரவை கரையோர வேர்ப் பொந்தில் பதுங்கும். இதனால்தான் வரப்பு கட்ட ஓடைக் கல்லைப் பெயர்க்காதீர்கள், கரை மரத்தை வெட்டாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்னொன்று, காப்பிப் பழம் உரித்த கழிவுநீர். காப்பி அறுவடை நேரத்தில் மழை நின்று ஓடை சுருங்கிக்கொண்டே வரும். அப்போது அந்த நீர் கலந்தால் அது அழுகும்போதே காற்றை உறிஞ்சிவிடும், மீன் திணறிச் சாகும். ஓடையை விட்டு எட்ட ஒரு குழி வெட்டி அதில் தேக்குங்கள். தோலை மக்க வைத்தால் உரமாகும்.

குட்டையில் மீன் வளர்க்கும் ஆசையை விட வேண்டாம். கட்லா, ரோகு உங்கள் மலைக் குளிரில் சரியாக வளராது. சாதா கெண்டையும் புல் கெண்டையும் தாங்கும். ஐந்தடி ஆழம் இருந்தால் விரலளவுக் குஞ்சு 100 போதும். திலேப்பியா வேண்டாம், ஓடைக்குத் தப்பினால் பெருகிவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கத் தடையே இருக்கிறது. இந்த வளர்ப்புக் கெண்டைகளும் ஓடைக்குத் தப்பக் கூடாது, நீர் வழியும் வாயில் நெருக்கமான வலை கட்டுங்கள்.

அதற்கு முன், குட்டையை வடித்து அந்தக் குரவைகளைப் பிடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் குஞ்சுகளைத் தின்றே தீர்த்துவிடும். பிடித்ததை உங்கள் ஓடையிலேயே, வேர்ப் பொந்து இருக்கும் கரையோரமாக விடுங்கள்.