மார்ச் சேறும் நம்மட சைக்கிளும்: ஸ்காபரோவிலிருந்து சில கேள்வி பதில்கள்

ஸ்னோ கரையத் தொடங்கினதும் எங்கட ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவில ஒவ்வொருத்தரும் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேட்கினம். ஆகவே எல்லாவற்றையும் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. பதினான்கு வருசமாக ரொறன்ரோச் சேற்றில விழுந்தெழும்பின ஆள், அவ்வளவுதான்.

கே: இன்றைக்கு 8 பாகை. வெயிலும் நல்லா எறிக்குது. டொன் பள்ளத்தாக்கில இருக்கிற குரோதர்ஸ் வூட்ஸ் காட்டுப்பாதையில சைக்கிளோட இறங்கலாமா? (மால்வேர்ன்)

பொறுங்கோ தம்பி. வெயில் மேலேதான் எறிக்குது. மண்ணுக்குள்ள இன்னும் மாசிமாதம். டொன் பள்ளத்தாக்கில பெரும்பாலும் களிமண். இப்ப மேலே மூன்று நாலு அங்குலம் இளகியிருக்கும், அதுக்குக் கீழே சீமெந்துத் தரை போல உறைஞ்சு கிடக்கும். உருகின தண்ணி கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே நின்று மண்ணைக் கஞ்சியாக்கிவிடும். அதில ரயர் போனால் வாய்க்கால் மாதிரி ஒரு தடம் விழும். அடுத்த மழைத் தண்ணி அந்தத் தடத்தாலதான் ஓடும், ஓடும்போது மண்ணையும் அள்ளிக்கொண்டு போகும். கோடையில அது காய்ஞ்சு கல்லாகி, உங்கட முன்சில்லையே பிடிச்சு இழுக்கும்.

வந்த புதிதில நானும் இதைச் செய்தனான். ஒரு மார்ச் ஞாயிறு இரண்டு மணித்தியாலம் சந்தோசமாக உழுதுபோட்டு வந்தேன். ஜூனில அதே இடத்தில என்ர தடத்திலேயே சறுக்கி விழுந்து முழங்கை உரிஞ்சுது. பொத்தரி ரோட்டுக்குப் பக்கத்தில இருக்கிற அந்தக் காடு 1995இலேயே சூழல் முக்கியத்துவம் உள்ள இடம் என்று அடையாளம் காணப்பட்டது. நகரத்துக்கு நடுவில பீச், மேப்பிள், ஓக் மரங்களோட அப்படியொரு காடு மிஞ்சியிருக்கிறதே பெரிய விசயம்.

கே: சேறு இருக்கிற இடத்தில மட்டும் ஓரத்தால விலத்திப் போனால்? (பிக்கரிங்)

அது நடுவால போகிறதைவிட மோசம். ஒருத்தர் விலத்தினால் பின்னால வாற பத்துப் பேரும் விலத்துவினம். ஒற்றையடிப்பாதை மாட்டுவண்டிப் பாதையாகிவிடும். அந்த ஓரத்திலதான் ஏப்ரல் கடைசியில ட்ரில்லியம் முளைக்கும். ஒன்ராறியோவின்ர மாகாணப் பூ. விதையிலிருந்து பூக்க ஏழெட்டு வருசமாவது எடுக்கும், ரயர் ஏறினால் அந்த வருசக் கணக்கெல்லாம் போச்சு. எதிர்பாராமல் ஒரு சின்னக் குட்டை வந்தால் இறங்கி, நடுவால தள்ளிக்கொண்டு போங்கோ. சப்பாத்து கழுவலாம். திரும்பிப் பார்க்கேக்க ரயர் தடம் பதிஞ்சு தெரிஞ்சால், அன்றைக்கு வீட்டுக்குத் திரும்புகிறதுதான் சரி.

கே: அப்ப எப்பதான் ஓடுறது? (மார்க்கம்)

மேப்பிள் பாணி எடுக்கிறவையைக் கேளுங்கோ. இரவு உறைஞ்சு பகல் உருகினால்தான் அவைக்கு மரத்தில சாறு ஓடும். அவைக்கு நல்ல காலம் என்றால் எங்களுக்குக் கெட்ட காலம். ஆனால் அதுக்குள்ளேயும் ஒரு சந்து இருக்கு. இரவு மைனஸ் 4, 5க்குப் போயிருந்தால் விடியக்காலமை பாதை இறுகிக் கிடக்கும். ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள்ள வெளியே வந்துவிடவேணும். வடக்குப் பார்த்த சரிவில இலைச் சருகுக்குக் கீழே ஐஸ் ஒளிஞ்சிருக்கும், அங்கே முன் பிரேக்கைத் தொடாதேங்கோ.

கே: காலமை எழும்ப ஏலாது. வேற இடம் சொல்லுங்கோ. (ஸ்காபரோ)

உண்மையைச் சொன்னதுக்கு நன்றி. காரில முக்கால் மணித்தியாலம் போனால் அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் டர்ஹம் காடு. அது ஓக் ரிட்ஜஸ் மொரெயினில இருக்கு. பழைய பனிப்பாறைகள் விட்டுப்போன மணலும் சரளையும் சேர்ந்த மேடு. தண்ணி வடிஞ்சு இறங்கிவிடும், அதனால எங்கட களிமண்ணைவிடச் சில வாரம் முந்தியே காயும். அங்கேயும் நிழல் பக்கம் ஈரமாகத்தான் இருக்கும், பார்த்துப் போங்கோ.

தூரம் வேண்டாம் என்றால் மின்கம்பி வழியே போற மெடோவே. டொன் பள்ளத்தாக்கிலிருந்து ரூஜ் பூங்கா வரைக்கும் 16 கிலோமீற்றருக்குத் திட்டமிட்ட பாதை. தார் போட்டது, சேறில்லை, ஆனால் எதிர்க்காத்து சும்மா விடாது.

கே: காரில்லை. ரி.ரி.சியில (ரொறன்ரோ பஸ், சப்வேயில) சைக்கிள் கொண்டுபோகலாமா?

பஸ்ஸுக்கு முன்னால இரண்டு சைக்கிள் வைக்கிற தட்டு இருக்கு. சப்வேயில வேலைநாளில காலை 6.30 – 10, பின்னேரம் 3.30 – 7 மணிக்கு விடமாட்டினம். சனி, ஞாயிறு பிரச்சினையில்லை.

கே: மகனுக்கு 12 வயது. ஹெல்மெட் போட மறுக்கிறான்.

18 வயதுக்குக் குறைஞ்சவைக்கு ஒன்ராறியோவில அது சட்டம் என்று சொல்லுங்கோ. அதோட நீங்களும் போடுங்கோ. அப்பா வெறும் தொப்பியோட போனால் எந்தப் பிள்ளை கேட்கும்?

கே: மார்ச்சிலேயே உண்ணி வருமா?

வரும். 4 பாகைக்கு மேலே போனாலே கறுப்புக்கால் உண்ணி நடமாடத் தொடங்கிவிடும். ரூஜ் பக்கம், உண்ணிக் கடியால வாற லைம் நோயின்ர கிருமியோட அதைக் கண்டிருக்கினம். வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்பக்கம், இடுப்பு, அக்குள், தலைமயிர் எல்லாம் பாருங்கோ. கடிச்சிருந்தால் நுனி கூரான இடுக்கியால தோலோட ஒட்டினாப்போல பிடிச்சு நேரே இழுக்கவேணும். எண்ணெய் விடுறது, நெருப்புக்குச்சி சூடு வைக்கிறது எல்லாம் வேண்டாம். 2023இலிருந்து இங்கே பார்மசியிலேயே உண்ணிக் கடிக்குத் தடுப்பு மருந்து எழுதித் தரலாம். உண்ணியை எடுத்து 72 மணித்தியாலத்துக்குள்ள போகவேணும் என்கிறதை மறக்காதேங்கோ.

கே: சேறு காயும் வரைக்கும் குழுவாக என்ன செய்யலாம்?

மண்வெட்டி பிடிக்கலாம்! டர்ஹம் காட்டுப் பாதைகளைப் பராமரிக்கிறவை பெரும்பாலும் தொண்டர்கள்தான். மண் கொஞ்சம் இறுகினதும் அவைக்கு ஆள் தேவை. தண்ணி வடிய ஓரத்தைச் சரிச்சு வெட்டுறது, விழுந்த கிளை இழுக்கிறது, இவைதான் வேலை. ஒருதரம் மண் வெட்டினவன் பிறகு சேற்றில சைக்கிள் விடமாட்டான், நான் பார்த்திருக்கிறன்.

கே: அம்மாவுக்கு 61. யாழ்ப்பாணத்தில ரியூசனுக்கு லேடீஸ் சைக்கிளில போய்வந்தவ. கியர் தெரியாது. கூட்டிவரலாமா? (அஜாக்ஸ்)

கட்டாயம். ஒற்றைக் கியரில, பின்னால தங்கச்சியை ஏத்திக்கொண்டு மணல் ஒழுங்கையில ஓடினவவுக்கு நாங்கள் சமநிலை படிப்பிக்கத் தேவையில்லை. வலக்கைக் கியரை மட்டும் காட்டுங்கோ, இடக்கையைப் பிறகு பார்ப்பம். ஹைலண்ட் கிரீக் தார்ப்பாதையில மெல்லத் தொடங்குவம். கையுறை மட்டும் தடிப்பானதாகக் கொண்டுவரச் சொல்லுங்கோ, இந்தக் குளிரில பிரேக் பிடிக்க விரல் மடங்காது.

கே: ஞாயிறு மழை என்றால்?

ஓட்டமில்லை. செயினில இருக்கிற உப்பைக் கழுவி, துடைச்சு, எண்ணெய் விடுங்கோ. தேத்தண்ணிக்கு வாறதென்றால் வாங்கோ, சைக்கிள் வேண்டாம்.