ஒரே சம்பளத்தில் நாங்கள் வாழவில்லையா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். ஒரே சம்பளத்தில் மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்து, கும்பகோணம் பக்கம் சொந்த வீடும் கட்டினேன். சென்னையில் தனியார் நிறுவனங்களில் வேலை பார்க்கும் என் மகனும் மருமகளும் மாதக் கடைசியில் கையைப் பிசைகிறார்கள். வாஷிங் மெஷின், சமையலுக்கு ஆள், கார்த் தவணை என்று செலவு. ‘எங்கள் காலத்தில்’ என்று ஆரம்பித்தாலே மகன் எழுந்து போய்விடுகிறான். நான் சொல்வதில் என்ன தவறு?

பதில்: ஐயா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால், உங்கள் வீடு ஒரே சம்பளத்தில் ஓடியது என்பதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. மாவு அரைப்பது, துணி துவைப்பது, தண்ணீர் பிடிப்பது, வற்றல் வடாம் போடுவது, மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது எல்லாம் உங்கள் மனைவி தலையில்தான் விழுந்திருக்கும். அந்த உழைப்புக்கு யாரும் சம்பளம் போடவில்லை. மருமகள் காலையில் அலுவலகம் கிளம்பிவிட்டால் அந்த வேலைகளை இயந்திரமோ ஆளோதான் செய்ய வேண்டும். அதற்குப் பணம் போகத்தான் செய்யும். மிக்சி, கிரைண்டர், மின்விசிறியைத் தமிழக அரசே 2011 முதல் இலவசமாகக் கொடுத்தது. அவற்றை இன்று ஆடம்பரம் என்பார் இல்லை. வாஷிங் மெஷினையும் அந்த வரிசையில் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் சிக்கனம் பெரிது; மறுக்கவில்லை. ஆனால் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. தவணையில் பொருள் தர இத்தனை பேர் வாசலில் நிற்கவும் இல்லை.

அரிசி, பருப்பு விலையை வைத்தும் மகன் செலவை அளக்காதீர்கள். இந்திய நகரக் குடும்பங்களின் செலவில் உணவின் பங்கு 1999-2000 இல் சுமார் 48 சதவீதம். 2022-23 இல் 39 சதவீதம் என்கிறது மத்திய அரசின் கணக்கெடுப்பு. உணவு போக மற்றவைதான் இன்று கையைக் கடிக்கின்றன. உங்களுக்கு மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வருகிறது, அகவிலைப்படியும் சேர்ந்து உயர்கிறது. மகனுக்கு அந்த நிம்மதி இல்லை. முதுமைக்கான பணத்தை அவரே இப்போதிருந்து ஒதுக்க வேண்டும்.

அதனால்தான் கார் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். மாதக் கடைசியில் தட்டுப்பாடு என்றால், தவணைகள் எல்லை மீறியிருக்கலாம். கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அதை முதலில் அடைக்கச் சொல்லுங்கள். அதன் வட்டி ஆண்டுக்கு 36 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. நிறுவனம் தரும் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடக்கூடும் என்பதால், தனியாக ஒன்று எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

பழைய காலத்தை எடுக்காமல் இந்தக் கேள்விகளோடு உட்காருங்கள். மகனிடம் மட்டும் பேசாதீர்கள். மருமகளும் சம்பாதிக்கிறார், எந்தச் செலவைக் குறைக்கலாம் என்பதை அவரிடமும் கேளுங்கள்.